வருணனைக் கட்டுரைக்குப் புள்ளி: மனப்பாடத்திற்கா, கண்ணால் கண்டதற்கா?

ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவரிடம் ‘எங்கள் ஊர் இரவுச் சந்தை’ என்ற தலைப்பில் வருணனைக் கட்டுரை எழுதச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் மாணவர் இப்படித் தொடங்குகிறார்:

“கதிரவன் மேற்கில் மறைய, வெண்ணிலா வானில் பவனி வந்தாள். தென்றல் காற்று என் மேனியைத் தழுவிச் சென்றது. மக்கள் கூட்டம் அலைகடலெனத் திரண்டிருந்தது. அந்தக் காட்சியைக் காணக் கண்கோடி வேண்டும்.”

இரண்டாம் மாணவர் எழுதியது வேறு மாதிரி:

“ஆப்பாம் பாலிக் கடைகாரர் மூடிய திறந்தார். உடனே புகை வந்து அவர் கண்ணாடியை மரைத்தது. அவர் துடைக்க வில்லை. பழக்கத்துல அடுத்த மாவை ஊத்தினார். கீழே சாக்கடை தண்ணியில மஞ்சள் விளக்கு ஆடுச்சு.”

எந்தக் கட்டுரைக்கு அதிகப் புள்ளி? பல வகுப்பறைகளில் இதற்கு விடை சொல்லத் தயக்கமே இருக்காது. முதல் கட்டுரையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. உருவகம் இருக்கிறது, உவமை இருக்கிறது, படிக்கும்போது ஓசை நயமும் இருக்கிறது. இரண்டாவதிலோ ஐந்தே வாக்கியங்களில் எட்டு இடங்களில் சிவப்பு மை விழும்.

ஆனால், இவ்விருவரில் சந்தையைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் விடை மாறிவிடுகிறது. முதல் மாணவரின் வரிகளை அப்படியே பெயர்த்தெடுத்துத் தைப்பூசக் கட்டுரையில் ஒட்டலாம். பள்ளிக் கலைவிழாவுக்கும் ஒட்டலாம். கடற்கரையில் ஓர் இரவு என்றாலும் பொருந்தும். இரண்டாம் மாணவரின் வரிகளை ஆப்பாம் பாலிக் கடைக்கு முன்னால் மட்டுமே வைக்க முடியும்.

இது வெறும் புள்ளிக் கணக்கு அன்று. எதற்குப் பாராட்டுக் கிடைக்கிறதோ அதைத்தான் சிறார்கள் அடுத்த முறையும் செய்வார்கள். முதல் மாணவர் இன்னும் பத்துத் தொடர்களை மனனம் செய்வார். இரண்டாம் மாணவர், தான் பார்த்தது எழுதத் தகுந்ததல்ல என்று முடிவுக்கு வந்து, அடுத்த கட்டுரையில் வெண்ணிலாவை வானில் பவனி வரவைப்பார்.

வகுப்பாசிரியர் கையில் வந்த தராசு

முன்பு இந்தச் சிக்கலுக்குத் தேர்வைக் காரணம் காட்ட முடிந்தது. 1988ஆம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வில், எங்கோ இருக்கும் திருத்துநரைக் கவர வேண்டும், பிழை வரக்கூடாது, நேரமும் குறைவு. ஆகவே மனப்பாடம் செய்த தொடர்கள் பாதுகாப்பானவை என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் நினைத்ததில் வியப்பில்லை. அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவ மாணவர்களுக்கான பிடி3 தேர்வும் 2022இல் நிறுத்தப்பட்டது. 2022/2023 கல்வித் தவணையில் அறிமுகமான தவணை இறுதிச் சோதனையும் பள்ளி ஆசிரியர்களே திருத்தும் வகையில்தான் அமைந்தது.

இதனால் நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில், ஒரு மாணவரின் எழுத்தைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் அவரை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரிடமே வந்துவிட்டது. வகுப்புசார் மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகள் உள்ளன. மூன்றாம் நிலையை எட்டியவர் குறைந்தபட்ச அடைவைப் பெற்றவராகக் கருதப்படுகிறார். தராசு கைமாறிவிட்டது. எடைக்கல் மாறியதா என்பதுதான் கேள்வி.

வருணனை எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது?

மதிப்பிடுவதற்கு முன், எதை மதிப்பிடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். வருணனை என்பது ஓர் இடத்தையோ, பொருளையோ, மனிதரையோ, நேரத்தையோ படிப்பவரின் ஐம்புலன்களுக்கு எட்டச் செய்வது. என்ன நடந்தது என்று சொல்வது கதை. ஏன், எப்படி என்று சொல்வது விளக்கம். எல்லை எப்போதும் கோடு போட்டாற்போல் இருக்காது என்பது உண்மையே. ஆனால் வகுப்பறையில் மிகப் பரவலாகக் காணப்படும் வழுவல் ஒன்று உண்டு.

இரவுச் சந்தையைப் பற்றி எழுதத் தொடங்கும் மாணவர், முதல் பத்தியில் அப்பாவின் காரில் ஏறுவார். இரண்டாம் பத்தியில் சந்தையை நான்கு வரியில் முடித்துவிடுவார். மூன்றாம் பத்தியில் ஒரு மூதாட்டியின் கைப்பையைத் திருடன் பறித்துக்கொண்டு ஓடுவான். நான்காம் பத்தியில் போலீஸ் வந்துவிடும். மொழி நன்றாக இருக்கும், கதையும் விறுவிறுப்பாக இருக்கும், சந்தைதான் காணாமற்போயிருக்கும். இங்கே ஆசிரியர் செய்ய வேண்டியது புள்ளியைக் குறைப்பது மட்டுமன்று. “இது கதையாக நன்றாக வந்திருக்கிறது. கேட்டது சந்தையை. திருடன் வருவதற்கு முன்னால் நீ நின்ற இடத்தை மட்டும் மீண்டும் எழுது” என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் மாணவருக்கு எங்கே தடம் மாறினோம் என்பது விளங்கும்.

அணிகளில் முதலாவது

அலங்காரத் தொடர்களை விட்டுவிடச் சொன்னால், “அப்படியானால் தமிழின் அழகு என்னாவது?” என்ற மறுப்பு உடனே எழும். நியாயமான மறுப்புதான். அதற்கான விடை தமிழ் அணியிலக்கணத்திலேயே இருக்கிறது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது உவமையும் அன்று, உருவகமும் அன்று. தன்மையணி. அதாவது, ஒரு பொருளை அதன் உண்மைத் தன்மை விளங்கும்படி, அதற்கேற்ற சொற்களால் உள்ளவாறே சொல்வது. உள்ளதை உள்ளபடி சொல்வதையே ஓர் அணியாகக் கொண்டு, அதை வரிசையின் தலையிலும் வைத்த மரபு நம்முடையது. ஆப்பாம் பாலிக் கடைக்காரரின் கண்ணாடியைப் பற்றி எழுதிய மாணவர், தம்மை அறியாமலேயே அந்த முதல் அணியைக் கையாண்டிருக்கிறார்.

சங்க அகப்பாடல்களை விளக்கும்போது சொல்லப்படும் முதற்பொருள், கருப்பொருள் என்ற பாகுபாட்டையும் இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்கே உரிய மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் முதலியவை கருப்பொருள். பள்ளிகளில் பழகிப்போன குமிழி வரைபடத்தின் நடுவில் ‘இரவுச் சந்தை’ என்று எழுதிவிட்டு, சுற்றிலும் ‘அழகு’, ‘கூட்டம்’, ‘மகிழ்ச்சி’ என நிரப்புவதைவிட, எந்த இடம், எத்தனை மணி, என்ன மரம், என்ன தின்பண்டம், யார் என்ன வேலை செய்கிறார் என்று நிரப்பச் சொன்னால், கட்டுரைக்கான சரக்கு தானாகச் சேரும். நெடுங்காலமாகத் தமிழில் இருக்கும் சட்டகம் இது. இதற்குத் தனிப் பயிற்றியும் தேவையில்லை.

குயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் கட்டுரைகளில் குயில் எப்போதும் இனிமையாகவே கூவும். கிள்ளான் பள்ளத்தாக்கில் குயில்கள் உண்மையாகவே ஏராளம். விடியற்காலை இருட்டில் கத்தத் தொடங்கி, அடுக்குமாடி வீடுகளில் தூங்குபவர்களை எழுப்பிவிடுபவை அவை. ‘குயில் இனிமையாகக் கூவியது’ என்று எழுதும் மாணவரின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே அதே குயில் கத்திக்கொண்டிருக்கும். அந்தக் குரலையும் இந்த வாக்கியத்தையும் அவர் இணைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரே தாள், வெவ்வேறு புள்ளி

கட்டுரைக்குப் புள்ளியிடுவதில் ஆசிரியர்களுக்குள் வேறுபாடு இருப்பது புதிய செய்தியன்று. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகிய இருவர் 1912இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் ஆங்கிலத் தேர்வுத்தாள்கள் இரண்டைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினர். ஒரு தாளுக்குக் கிடைத்த புள்ளிகள் 64இலிருந்து 98 வரை. மற்றதற்கு 50இலிருந்து 97 வரை. எழுதிய மாணவர் ஒருவர்தான்; தாளும் ஒன்றுதான்.

1961இல் பால் டீடெரிக்கும் அவருடைய குழுவினரும் இதை இன்னும் ஆழமாக ஆராய்ந்தனர். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேர் படித்து, 9 தரங்களில் ஒன்றை இட்டனர். ஆசிரியர்களோடு எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், வணிக நிர்வாகிகளும் அந்த 53 பேரில் இருந்தனர். எந்தக் கட்டுரையும் ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெறவில்லை.

அந்த ஆய்வின் சிறப்பு, இந்த வேறுபாட்டைச் சுட்டியதோடு நிற்கவில்லை என்பதுதான். படித்தவர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு குழுவினரும் ஒவ்வொன்றைத் தேடியிருப்பது தெரிந்தது. சிலருக்குக் கருத்து முக்கியம். சிலருக்கு எழுத்துப்பிழையும் நிறுத்தக்குறியும். சிலருக்குக் கட்டமைப்பு. சிலருக்குச் சொல்லாட்சி. சிலருக்கு எழுதியவரின் தனித்தன்மை. ஆகவே, புள்ளி வேறுபடுவது கவனக்குறைவாலோ பாரபட்சத்தாலோ மட்டுமன்று. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யாததாலும்தான்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பள்ளியின் தமிழ்மொழிப் பாடக்குழு ஆசிரியர்கள் தவணைத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒன்றாக அமர்ந்து, மாணவர் பெயரை மறைத்த மூன்று கட்டுரைகளைத் தனித்தனியே படித்து, தாம் தரும் அடைவுநிலையைத் தாளில் எழுதிவிட்டுப் பிறகு திறந்து காட்ட வேண்டும். ஒருவர் 3 என்றும் இன்னொருவர் 5 என்றும் எழுதியிருந்தால், அங்கேதான் பேச்சுத் தொடங்க வேண்டும். தர ஆவணத்தின் சொற்களைப் பத்து முறை படிப்பதைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

ரம்புத்தான், மூன்று விதம்

அடைவுநிலைகளை எண்களாகச் சொன்னால் பெற்றோருக்கு மட்டுமல்ல, மாணவருக்கும் புரியாது. ஒரே பொருளைப் பற்றிய மூன்று வருணனைகளை அருகருகே வைத்துக் காட்டினால் புரியும். விளக்கத்திற்காக எழுதப்பட்ட மூன்று மாதிரிகள் இவை.

“ரம்புத்தான் பழம் சிவப்பாக இருக்கும். அதன் மேல் முடி இருக்கும். அது மிகவும் சுவையாக இருக்கும். எனக்கு ரம்புத்தான் மிகவும் பிடிக்கும்.”

“ரம்புத்தான் பழத்தின் சிவப்புத் தோலில் முட்களைப் போன்ற மயிர்கள் நிறைந்திருக்கும். தொட்டால் அவை குத்துவதில்லை. தோலை உரித்தால் உள்ளே வெள்ளைச் சதை உருண்டையாகத் தெரியும்.”

“இது பறித்து இரண்டு நாளான ரம்புத்தான். மயிர்களின் நுனி கறுத்துச் சுருண்டுவிட்டது. அடியில் மட்டும் சிவப்பு மிச்சமிருக்கிறது. நகத்தால் கீறிப் பிதுக்கியதும் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. கடிக்கும்போது கொட்டையின் மெல்லிய தோலும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் வந்துவிடுகிறது.”

மூன்றிலும் எழுத்துப்பிழை இல்லை. மூன்றாவதில் உவமைகூட இல்லை. இருந்தும் அது மேலே நிற்கிறது. முதலாவது, ரம்புத்தானைப் பார்க்காமலே எழுதக்கூடியது. ‘சுவையாக’ என்பது பழத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ‘பிடிக்கும்’ என்பது எழுதியவரைப் பற்றியது. இரண்டாவதில் ஒரு முன்னேற்றம் தெரிகிறது: முள் போலிருக்கும், ஆனால் குத்தாது. படிப்பவர் எதிர்பார்ப்பதை ஊகித்து, அதைத் திருத்தும் வாக்கியம் அது. மூன்றாவதில் ‘ரம்புத்தான்கள்’ போய், கையிலிருக்கும் ஒரே ஒரு ரம்புத்தான் வந்துவிட்டது. அதற்கு வயதும் வந்துவிட்டது. ‘சுருண்டுவிட்டது’, ‘பிதுக்கியதும்’, ‘வழுக்கிக்கொண்டு’ என வேலையைச் செய்பவை வினைச்சொற்கள். பெயரடைகளைக் கூட்டினால் வருணனை வளரும் என்று சொல்லிக்கொடுப்பது பாதி உண்மைதான். வருணனையைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் வினைச்சொல்.

இப்படி அருகருகே வைத்துக் காட்டிய பிறகு, “முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக என்ன செய்ய வேண்டும்?” என்று மாணவர்களையே கேட்கலாம். அவர்கள் சொல்லும் விடைகளை வெண்பலகையில் எழுதினால், அந்த வாரத்துக்கான மதிப்பீட்டு அளவுகோல் தயாராகிவிடும். எழுதுவதற்கு முன்பே மாணவர் அளவுகோலை அறிந்திருப்பது முக்கியம். எழுதி முடித்த பிறகு அறிவிக்கப்படும் அளவுகோலால் அவருக்குப் பயன் குறைவு.

வரைந்து பார்க்கும் சோதனை

வகுப்பறையிலேயே, ஆசிரியர் பேனாவைத் தொடாமலே செய்யக்கூடிய மதிப்பீடு ஒன்றுண்டு. ஒரு மாணவர் தம் வருணனையைப் படிக்க, பக்கத்திலிருப்பவர் அதைக் கேட்டு வரைய வேண்டும். எழுதியவர் கூடுதலாக ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

“எங்கள் வகுப்பறை மிகவும் அழகாகவும் தூய்மையாகவும் இருக்கும்” என்று படித்தால் வரைபவரின் பென்சில் நகராது. “வெண்பலகைக்கு இடப்பக்கம் கடிகாரம் தொங்குகிறது. அது நின்றுபோய் 7.40 காட்டுகிறது. அதற்குக் கீழே குப்பைத்தொட்டியின் மூடி சாய்ந்திருக்கிறது” என்றால் பென்சில் ஓடும். சிலர் வெண்பலகையைச் சொல்லிவிட்டுத் திடீரென்று வாசலுக்குத் தாவி, மீண்டும் கூரை மின்விசிறிக்கு வருவார்கள். வரைபவர் திணறுவார். பார்வைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், மேலிருந்து கீழோ, அருகிலிருந்து தொலைவோ என்ற பாடத்தை அந்தத் திணறலே கற்பித்துவிடும். “பத்தி ஒழுங்கில்லை” என்று ஓரத்தில் எழுதுவதைவிட இது வலிமையானது.

ஓசையையும் மணத்தையும் வரைய முடியாது என்பது இச்சோதனையின் குறை. அதற்குக் கேட்பவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எந்த இடம் என்று தலைப்பைச் சொல்லாமல் படிக்கலாம். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வருணனை வென்றது.

சிவப்பு மை எங்கே விழ வேண்டும்?

மீண்டும் இரண்டாம் மாணவரின் ஐந்து வாக்கியங்களுக்கு வருவோம். ‘கடைகாரர்’, ‘மூடிய’, ‘மரைத்தது’, ‘துடைக்க வில்லை’, ‘பழக்கத்துல’, ‘ஊத்தினார்’, ‘சாக்கடை தண்ணியில’, ‘ஆடுச்சு’ ஆகிய எட்டும் திருத்தப்பட வேண்டியவை. அதில் கருத்து வேறுபாடில்லை. மொழிப்பிழையைக் கண்டுகொள்ளாமல் விடுவது மாணவருக்குச் செய்யும் உதவியன்று. இடைநிலைப்பள்ளியில் எஸ்பிஎம் தமிழ்மொழித் தாள் அவருக்காகக் காத்திருக்கிறது.

ஆனால் எட்டையும் ஒரே நாளில் வட்டமிட்டால் அந்தப் பிள்ளை எட்டையும் படிக்காது. இவற்றுள் மூன்று வகைகள் இருக்கின்றன: பேச்சு வழக்கு, ர-ற மயக்கம், ஒற்று மிகுவதும் சேர்த்து எழுதுவதும். இந்த வாரம் ஒரு வகை போதும். “இதில் பேச்சு வழக்குச் சொற்கள் ஐந்து இருக்கின்றன. கண்டுபிடித்து எழுத்து வழக்கில் மாற்றுக” என்று குறிப்பெழுதினால் தேடும் வேலை மாணவருக்குப் போய்விடும். ஆசிரியர் திருத்திக்கொடுத்ததைப் பார்த்து எழுதுவதற்கும், தானே தேடித் திருத்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

எழுத்துப்பிழையாக எண்ணப்படாத ஒன்பதாவது இடமும் அதில் உண்டு. ‘புகை வந்து’ என்கிறார் மாணவர். ஆப்பாம் சட்டியின் மூடியைத் திறந்தால் வருவது புகையா, ஆவியா? “புகையா ஆவியா? மீண்டும் நினைத்துப் பார்” என்ற ஒரு வரிக் குறிப்பு, அவருடைய சொல்வளத்தையும் கூர்நோக்கையும் ஒருங்கே வளர்க்கும். ஒரு வருணனைக் கட்டுரையில் ஆசிரியர் எழுதக்கூடிய மிகச் சிறந்த குறிப்புகள் இத்தகைய கேள்விகள்தாம்.

‘ஆப்பாம் பாலிக்’ என்பதைத் திருத்த வேண்டுமா? வேண்டியதில்லை. அது ஒரு பொருளின் பெயர். அதை ‘இனிப்புப் பலகாரம்’ என்று மாற்றினால் தமிழ் வளரப்போவதில்லை; சந்தையிலிருந்து ஒரு கடை காணாமற்போவதுதான் மிச்சம். ரம்புத்தான், ரொட்டி சானாய் ஆகியவையும் அப்படியே. ஆனால் மாவை எப்படி ஊற்றினார், ஓரம் எப்படி முறுகியது என்பதற்கான வினைகளைத் தமிழில்தான் கேட்க வேண்டும். பொருளுக்குப் பெயர் ஊரிலிருந்து வரலாம். அதைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் தமிழாக இருந்தால் போதும்.

புள்ளியும் குறிப்பும் சேர்ந்தால்

கட்டுரையின் கீழ் புள்ளியும் போட்டு, இரண்டு வரி குறிப்பும் எழுதுவதே பெரும்பாலான ஆசிரியர்களின் வழக்கம். இதைப் பற்றி ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1988இல் வெளிவந்தது. சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்பாடும் மேலோங்கின. இரண்டும் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே பின்தங்கினர். புள்ளியைப் பார்த்ததும் குறிப்பின் பயன் போய்விடுகிறது என்று தோன்றுகிறது. அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டவை கட்டுரைகள் அல்ல, வேறு வகைப் பயிற்சிகள். ஆகவே அதை அப்படியே எல்லாவற்றுக்கும் நீட்டிவிட முடியாது. ஆனால் திருப்பிக் கொடுத்த நோட்டைப் பிள்ளைகள் திறக்கும் விதத்தைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது. “உனக்கு எத்தனை?” என்பதுதான் முதல் கேள்வி.

1998ஆம் ஆண்டில் பால் பிளாக், டைலன் வில்லியம் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கை, கற்றலுக்கிடையே நடக்கும் மதிப்பீடு மாணவர் அடைவை உயர்த்துகிறது என்றும், குறிப்பாகப் பின்தங்கிய மாணவர்களுக்கு அதனால் பயன் அதிகம் என்றும் சொன்னது. நடைமுறையில் இதன் பொருள், முதல் வரைவுக்குக் குறிப்பு மட்டும் எழுதி, மாணவர் திருத்தி எழுதிய இரண்டாம் வரைவுக்கு அடைவுநிலை தருவது. முதல் மாணவரின் வெண்ணிலாக் கட்டுரைக்கும் அப்போது ஒரு வழி பிறக்கிறது. “மொழி பிழையின்றி இருக்கிறது. இது எந்த ஊர்ச் சந்தை? ஒரே ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நின்று ஐந்து வரி எழுதுக.” அவருடைய மொழித்திறன் வீணாகவில்லை. அதற்குப் பார்க்க ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். 35 மாணவர் உள்ள வகுப்பில் ஒரு கட்டுரைக்கு 6 நிமிடம் என்றாலே மூன்றரை மணி நேரம். இரண்டு வரைவு என்றால் ஏழு மணி. மற்ற பாடங்களும், புறப்பாட நடவடிக்கைகளும், நிரப்ப வேண்டிய பாரங்களும் இருக்கின்றன. இதற்குக் குறுக்குவழி கட்டுரையைச் சுருக்குவதுதான். மூன்று பக்கக் கட்டுரை வாராவாரம் தேவையில்லை. ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட ஒரே பத்தி போதும். அதை ஒன்றிரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசைகளுக்கிடையே நடந்து, நாளுக்கு ஏழெட்டுப் பேரிடம் நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பெயருக்கு நேரே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டால் ஒரு வாரத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும்.

தமிழ் அதிகம் புழங்காத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளை முதலில் வாய்மொழியாகச் சொல்லவிட்டுக் கேட்பது நல்லது. பார்த்தது நிறைய இருக்கும். எழுதும் கைதான் தடுமாறும். அந்த இரண்டையும் ஆசிரியர் தம் பதிவேட்டில் தனித்தனியே குறித்து வைக்காவிட்டால், அப்பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்ற தவறான தீர்ப்பு ஆண்டு முழுவதும் தொடரும்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத தலைப்பு

மாதிரிக் கட்டுரை நூல்களையும் துணைப்பாட வகுப்புகளையும் குறைசொல்வதில் பயனில்லை. பெற்றோர்கள் அக்கறையோடுதான் வாங்குகிறார்கள். மொழிநடை பழகுவதற்கு நல்ல மாதிரிகளைப் படிப்பதும் தேவையே. சிக்கல், ‘நான் கண்ட கடற்கரைக் காட்சி’ போன்ற தலைப்பைக் கொடுத்துவிட்டு மாணவரின் சொந்த எழுத்தை எதிர்பார்ப்பதில் இருக்கிறது. தலைப்பே மனப்பாடத்தை அழைக்கிறது.

“பள்ளிச் சிற்றுண்டிச்சாலை: ஓய்வு மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன், அடித்து இரண்டு நிமிடம் பின்” என்று கொடுத்துப் பார்க்கலாம். இடம் ஒன்று, நேரம் இரண்டு. மாணவர்கள் நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்து எழுத வேண்டும். காலியான நாற்காலிகள், மூடி திறக்காத நாசி லெமாக் பொட்டலங்கள், காசு எண்ணும் அக்கா, பிறகு திடீரென்று நூறு காலணிகளின் ஓசை. இதற்குள் வெண்ணிலா நுழைய முடியாது. ஆசிரியரும் அதே இடத்தைப் பார்த்தவர் என்பதால், யார் பார்த்து எழுதினார், யார் ஊகித்து எழுதினார் என்பதும் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பெற்றோர்கள் இதில் செய்யக்கூடியது சிறியது. பிள்ளையின் நோட்டில் ‘4’ என்ற எண்ணைக் கண்டதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்பதற்குப் பதிலாக, “எங்கே, படித்துக் காட்டு” என்று சொல்லலாம். கேட்டு முடித்ததும் “அந்தக் கடைக்காரர் என்ன சட்டை போட்டிருந்தார்?” என்று ஒரு கேள்வி கேட்டால், பிள்ளைக்கு அது நினைவிருந்தால் நோட்டில் ஒரு வரி கூடும். நினைவில்லாவிட்டால் அடுத்த வாரம் சந்தையில் சட்டையைப் பார்க்கும்.

பள்ளியில், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மெல்லிய கோப்பு இருந்தால் மதிப்பீட்டின் பாதி வேலை முடிந்துவிடும். தவணைத் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்றே மூன்று வருணனைப் பத்திகள், தேதியோடு. முதல் வரைவும் திருத்திய வரைவும் சேர்த்து. பெற்றோர் சந்திப்பு நாளன்று ஆசிரியர் அடைவுநிலை எண்ணைச் சொல்வதற்கு முன், அந்த மூன்றையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லலாம்.